சம்பந்தி கவிழ்த்த மூன்று ஏழு

என் மருமகளின் அம்மா கோயம்புத்தூரிலிருந்து அமெரிக்காவில் நாங்கள் இருக்கும் எடிசனுக்கு வந்து இரண்டு வாரம் ஆகியும், எனக்கு முன்னால் ஒரு வாய் காபி குடிக்கவில்லை. "நீங்க முதல்ல குடிங்க சம்பந்தி" என்பார். நான் தோசையை விண்டு வாயில் வைத்த பிறகுதான் அவர் தட்டைத் தொடுவார். பெண்ணைக் கொடுத்த வீடாம், அந்த மரியாதையாம். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாத ஊரில், உரிமையோடு சண்டை போட ஓர் ஆள் வருகிறார் என்று ஆசையாகக் காத்திருந்தேன். வந்தவரோ விருந்தாளியாகவே ஊருக்குக் கிளம்பிவிடுவார் போலிருந்தது.

அதனால்தான் அட்லாண்டிக் சிட்டிக்கு அழைத்துப் போனேன். கடலைப் பார்த்துவிட்டு கேசினோவுக்குள் நுழைந்ததும், "எங்கூட்டு விசேஷத்துல மூணு சீட்டு ஆடுவோமுங்க, நானும் ஆடியிருக்கேன்" என்று என் காதருகே சொன்னார். அடடா, இது போதுமே! மூன்று சீட்டு போக்கர் மேஜையில் இரண்டு நாற்காலியைப் பிடித்து, பணத்துக்கு சிப் வில்லைகள் வாங்கினேன்.

"ரொம்ப சிம்பிள் சம்பந்தி. இந்த வட்டத்துல ஒரு சிப் வைங்க, மூணு சீட்டு வரும். நல்லா இருந்தா இன்னொரு சிப் போட்டு ப்ளே பண்ணலாம். இல்லைன்னா கவுத்துட்டு விலகிடலாம், வச்ச சிப் போயிடும். மேல இருக்கற குட்டி வட்டம் சைட் பெட். இஷ்டம் இருந்தா வைக்கலாம். ஜோடியோ அதுக்கு மேலயோ வந்தா, அதுக்குத் தனியா காசு. விலகினா அதுவும் அம்பேல்."

தலையாட்டினார். ஆட்டம் தொடங்கியது. நான் சிப்பைத் தள்ளுவேன். அவர் சீட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், கவிழ்த்துவிடுவார். ஒவ்வொரு முறையும் இதே கதை. பாவம், சீட்டே வரவில்லை என்று நினைத்தேன். அவருடைய குட்டி வட்டம் வேறு காலியாகவே கிடந்தது. போதும் போதும் என்பவர் இலையில் இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றுகிற கை எனக்கு. கேட்காமலே என் சிப் ஒன்றை அங்கே வைத்துவிட்டேன்.

அந்தத் தடவையும் அவர் கவிழ்த்தார். சீட்டு போடும் டீலர் என் சிப்பையும் சேர்த்து வாரிக்கொண்டாள். எனக்குப் பொறுக்கவில்லை, எட்டி அந்தச் சீட்டுகளைத் திருப்பிவிட்டேன். மூன்றும் ஏழு!

அடுத்தவர் சீட்டைத் தொடக்கூடாது என்று டீலர் ஆங்கிலத்தில் அதட்டினாள். நான் எங்கே அதைக் காதில் வாங்கினேன்?

"ஐயோ சம்பந்தி! மூணு ஏழை யாராவது விடுவாங்களா?"

"நீங்க ஆடறீங்களே. உங்களை நான் ஜெயிச்சா நல்லாருக்குமுங்களா? எம் பொண்ணு உங்கூட்ல இருக்கறா."

சுருக்கென்றது. கோபமும் வந்தது, அழுகையும் வந்தது, கோபம்தான் முந்திக்கொண்டது.

"உங்க பொண்ணு டெய்லி என்னை ஜெயிக்கிறா, அதனால எனக்கு என்ன குறைஞ்சு போச்சு? அதுவும் இது நம்ம ஊர் ஆட்டம் இல்ல. இங்க நீங்களும் நானும் எதிர் எதிர் இல்ல. நாம ரெண்டு பேரும் இந்தப் பக்கம். எதிராளி அந்தம்மா மட்டும்தான்!"

நான் தன் பக்கம் கை நீட்டியதும் டீலர் என்ன ஏது என்று புரியாமல் சிரித்தாள். சம்பந்தி அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "இத மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?" என்று கேட்டார். உரிமையோடு என்மேல் அவர் சொன்ன முதல் குறை அது. எனக்கு ஜில்லென்றிருந்தது.

அடுத்த ஆட்டத்தில் குட்டி வட்டத்தில் அவரே சிப் வைத்தார். டீலரிடம் ராணியாவது இருந்தால்தான் இந்த ஆட்டத்தில் முழுப் போட்டி. அவளிடம் ராணி இருந்தது. என் சீட்டு தோற்றது. சம்பந்தியிடம் ஒரு ஜோடி, இரண்டு நாலு. இரண்டு வட்டத்துக்கும் காசு! பழக்கதோஷத்தில் பயந்து என்னைப் பார்த்தவர், அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். மேஜையில் இருந்த அத்தனை பேரும் கை தட்டினோம்.

பிறகு பஃபேக்குப் போனோம். கேரட் கேக் ஒரே ஒரு துண்டுதான் மிச்சமிருந்தது. நான் கரண்டியை எடுப்பதற்குள், "கொஞ்சம் நகருங்க சம்பந்தி, எனக்குப் பசிக்குது" என்று அவர் அதைத் தன் தட்டில் போட்டுக்கொண்டார். எனக்கு ஒரு விள்ளல்கூடத் தரவில்லை.