நல்ல தண்ணியில் கழுவிய றெக்கோட்

மன்னார்க் கரையோரத்து ஓலைத்தொடுவாயில் ஒரு படகு எஞ்சின் நோய்ப்பட்டால் பஸ்ரியனின் பட்டறைக்குத்தான் வரும். தூரத்தில் வரும்போதே சத்தத்தை வைத்து, எங்கே அடைத்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஐம்பத்து மூன்று வயதிலும் அந்தக் காது மழுங்கவில்லை.

அதே காதைப் பதின்மூன்று வருடமாக இன்னொரு காரியத்துக்கும் வைத்திருக்கிறார். பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில் இருநூற்றுச் சொச்சம் பழைய இசைத்தட்டுகள். படுக்க வைத்தால் வெக்கைக்கு வளைந்துவிடும் என்று எல்லாம் நிமிர்ந்து நிற்கும். பிளேயருக்கு அடியில் சீமெந்துக் கல், கல்லுக்கு மேல் காற்றுக் குறைத்த சைக்கிள் ரியூப். றோட்டில் லொறி போனாலும் ஊசி நடுங்காது. சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் யன்னல் இடுக்குகளில் ஈரச் சாக்குச் செருகுவார். ஒரு மணல் துணிக்கை போதும், தட்டின் கழுத்தை அறுக்க.

போனிலே இருக்கிற பாட்டுக்கு ஏன் இந்தப் பாடு என்று கேட்பவர்களுக்குக் கதிரையைக் காட்டுவார். கதைக்காமல் இருந்து ஒரு பக்கம் முழுக்கக் கேட்ட எவரும் அந்தக் கேள்வியை இரண்டாம் தரம் கேட்டதில்லை.

போன ஆவணியில் மன்னார் ரவுணில் தையல் கடை வைத்திருக்கிற நுஸ்ரியா வந்தார். கையில், தலையணை உறைக்குள் ஒரு சின்னத் தட்டு.

"அண்ணன், இது மௌத்தாப்போன எங்கட வாப்பா பாடினது. கொழும்பில ஒரு சின்னக் கொம்பனி அடிச்சது. தொண்ணூறில ஊரை விட்டுப் போகேக்க உம்மா உடுப்புப் பையோட இதையும் கொண்டு போனவ. புத்தளத்தில இவ்வளவு காலமும் அலுமாரிக்குள்ள கிடந்தது. போட்டுக் கேக்க எங்களிட்ட மெசின் இல்ல."

பஸ்ரியன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீறல் இல்லை. பூஞ்சணம்தான் படர்ந்திருந்தது.

"வாற ஞாயிறு உம்மா வாறா. திங்கள் காலமை பஸ் ஏறிருவா. எழுபத்தாறு வயசு. அடுத்த முறை பாப்பம் எண்டு சொல்லேலாது."

"ஞாயிறு கூட்டிக்கொண்டு வாங்கோ. பக்கத்தில இருந்து பாடுற மாதிரிக் கேக்கும்."

அந்த வாக்கை அவர் யோசித்துத்தான் கொடுத்தார். பிழை நேர்ந்தது வாக்கில் அல்ல, கழுவலில்.

தன் தட்டுகளை அவர் தூரிகையால் துடைப்பதோடு சரி. பூஞ்சணத்துக்கு அது போதாது. கடலால் வந்த எஞ்சினை அவர் முதலில் என்ன செய்வார்? பீப்பாவில் கிணற்றுத் தண்ணி நிரப்பி, அதற்குள் ஓடவிட்டு உப்பை வெளியேற்றுவார். கடலோடு பார்க்கும்போது கிணற்றுத் தண்ணி இனிப்பு. ஊரில் அதற்குப் பெயரே நல்ல தண்ணி. அந்தக் கைப்பழக்கத்தில் தட்டையும் நல்ல தண்ணியில் அலசி நிழலில் காயவிட்டார். கண்ணுக்குப் புதுத் தட்டு மாதிரி மினுங்கியது.

ஊசியை இறக்கினார். மீன் பொரிக்கிற சத்தம். அதற்கு அடியில் எங்கேயோ ஓர் ஆம்பிளைக் குரல்.

ஊசியை மாற்றினார். பொரிந்தது. இன்னோர் ஊசி. அதுவும் பொரிந்தது.

மனைவி பெற்றிசியா வாசலில் நின்று சொன்னார்: "இண்டைக்குக் கறி வைக்கத் தேவையில்லை. அறைக்குள்ளேயே பொரியுது."

தன் தட்டு ஒன்றை எடுத்துப் போட்டார். தெளிவாகப் பாடியது. அப்போது ஊசியில் குற்றமில்லை. ரோச் லைட்டும் பூதக்கண்ணாடியும் எடுத்துக்கொண்டு குனிந்தார். வரிகளுக்குள் வெள்ளை வெள்ளையாய்ப் பொடி.

"உப்பு மாதிரிக் கிடக்கு. நல்ல தண்ணியிலதானே கழுவினனான்."

"கிழமைக்கொருக்கா நான் சுடுதண்ணிக் கேத்திலுக்குள்ள வெள்ளையாச் சுரண்டுறனே, அது எந்தத் தண்ணியில வந்தது?"

பஸ்ரியன் ஒரு கறுப்புச் சாப்பாட்டுத் தட்டத்தைக் கவிழ்த்து, ஒரு பக்கம் கிணற்றுத் தண்ணியில் ஒரு துளி விட்டார். மறுபக்கம், பட்டறை இராக்கையில் இருந்த பற்றரித் தண்ணியில் ஒரு துளி. லொறிப் பற்றரிகளுக்கு ஊற்ற வாங்கி வைக்கிற, காய்ச்சி வடித்த தண்ணி அது. காய்ந்த பிறகு ஒரு பக்கத்தில் வெள்ளை வட்டம். மறுபக்கத்தில் ஒன்றுமில்லை.

நுஸ்ரியாவின் வாப்பாவை உப்புக்குள் புதைத்தது தன்னுடைய கைதான்.

"பழைய தட்டு, இப்பிடித்தான் கேக்கும் எண்டு சொல்லுங்கோவன்," என்றார் பெற்றிசியா. "ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும்."

ஆனாலும் அந்தத் தட்டை உடனே பற்றரித் தண்ணியில் இறக்கிவிடவில்லை. தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்த தட்டை எடுத்தார்: கனத்த ஜேர்மன் தட்டு, வயலின். கொழும்பில் ஒரு கிழவரின் வீட்டுக்கு மூன்று தரம் நடந்து வாங்கியது. அதைக் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணியில் முக்கினார்.

"விசரே உங்களுக்கு? நல்லா இருந்ததையும் கெடுக்கிறியள்."

"இதில பிழைச்சால் நட்டம் எனக்கு. அதில பிழைச்சால் அந்த மனிசிக்கு."

வயலினும் பொரிந்தது. பிறகு அதை மீட்கத் தொடங்கினார். எண்ணெய்க் கலனின் இரண்டு மூடிகளை வெட்டி தட்டின் நடுவில் ஒட்டிய பெயர்த்தாள் நனையாமல் மூடி இறுக்கினார். பற்றரித் தண்ணியில் ஊறவிட்டு, குழந்தைப் பிள்ளையின் பல் பிரஷால் வரியோடு வரியாகச் சுற்றித் தேய்த்தார். குறுக்கே ஒரு இழுப்பும் இல்லை. மூன்றாம் கழுவலில் வயலின் திரும்பி வந்தது. அதற்குப் பிறகுதான் சின்னத் தட்டில் கை வைத்தார்.

வியாழன், வெள்ளி, சனி. பட்டறையில் இரண்டு எஞ்சின்கள் காத்திருந்தன. ஒவ்வொரு கழுவலிலும் குரல் ஒரு படி மேலே வந்தது. ஏழாம் கழுவலில் பொரியல் முற்றாக நின்றது. ஆனால் பாட்டுத் தொடங்குவதற்குச் சற்று முன்னால், டக் டக் என்று இரண்டு சத்தம் மட்டும் அசையவில்லை. கீறல் என்றால் தட்டுச் சுற்றுகிற ஒவ்வொரு சுற்றுக்கும் திரும்ப வரவேண்டும். இது இரண்டே தரம் வந்து போய்விடுகிறது. எட்டாம் தரமும் கழுவினார், ஒன்பதாம் தரமும் கழுவினார். டக் டக்.

ஞாயிறு பின்னேர அசர் தொழுகை முடிந்த கையோடு நுஸ்ரியா தாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். உம்மா கதிரையில் இருந்ததும், பிளேயரைத் தொடாமலே பஸ்ரியன் சொன்னார்:

"உம்மா, முதல் ஒண்டு சொல்லவேணும். கிணத்துத் தண்ணியில கழுவி நான்தான் இதைக் கெடுத்தனான். திருப்பி எடுத்திட்டன். ஆனால் முழுக்க இல்லை."

உம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தட்டு உடையல்லதானே?"

"இல்லை."

"அப்ப போடுங்க தம்பி."

ஊசி இறங்கியது. ஆர்மோனியம் மூச்சு இழுத்தது. டக் டக். பஸ்ரியன் கண்ணை இறுக்கி மூடினார். குரல் வந்தது, அறைக்குள் நின்று ஒருவர் பாடுகிற மாதிரி, அடுத்த அடிக்கு மூச்சு எடுப்பதுகூடக் கேட்டது. நுஸ்ரியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உம்மா நிமிர்ந்தே இருந்தார்.

பாட்டு முடிந்ததும் பஸ்ரியன்தான் முதலில் வாய் திறந்தார். "தொடக்கத்தில அந்த ரெண்டு சத்தம்தான் போகேல்ல. ஒன்பது தரம் கழுவிப் பாத்தனான்."

"எது, டக் டக்கா?" உம்மாவின் முகம் மெல்ல மலர்ந்தது. "அது அவருட மோதிரம். துவங்க முன்னம் ஆர்மோனியப் பெட்டியில ரெண்டு தட்டுத் தட்டுவாரு. சமையலுக்குள்ள இருந்தாலும் எனக்குத் தெரியும், பாடப்போறாருண்டு. அதைக் கழுவி எடுத்திருந்தீங்கண்டாத்தான் உங்களோட கோவிச்சிருப்பன்."

பெற்றிசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "இன்னொருக்கா உரஞ்சியிருந்தால் மோதிரத்தையும் கழட்டியிருப்பார், உம்மா."

"இன்னொருக்காப் போடுங்க தம்பி," என்றார் உம்மா.

பஸ்ரியன் எழுந்து கையைத் துடைத்தார். இந்தத் தரம் கண்ணை மூடவில்லை. மோதிரத்தின் அந்த இரண்டு தட்டலுக்குமாகவே காதைக் கொடுத்தபடி ஊசியை இறக்கினார்.