ஃபேக்டரி தேடிப் போய் ஃபத்தோரியாவில் இறங்கினோம்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு நியூ ஜெர்சியின் எடிசனிலிருந்து கிளம்பினோம். தெற்கே ஹாமண்டன் ஏறக்குறைய எழுபது மைல். கார் ஓட்டியது என் கல்லூரித் தோழன் ஜெரால்டு. பக்கத்தில் அவன் மனைவி ஸ்டெல்லா, மருத்துவமனையில் நர்ஸ். சென்னையிலிருந்து வந்த விருந்தாளி நான், பின் சீட்டில். சாஃப்ட்வேர் வேலை போய்ச் சில மாதங்களாக வீட்டிலிருந்த ஜெரால்டுக்கு ‘ஃபத்தோரியா மேனேஜர்’ வேலை தர ஒருவர் தயாராக இருந்தார். ஸ்டெல்லா காதில் அது ஃபேக்டரி என்று விழுந்து, ஆத்தூரிலிருக்கும் அவள் அப்பா வரை செய்தி போய்விட்டது. இவனும் திருத்தவில்லை. ஆள் அப்படித்தான்.

டர்ன்பைக் நெடுஞ்சாலையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரம் போனால் நியூ ஜெர்சி வேறு முகம் காட்டுகிறது. வெளிர் மணல், பைன் காடு, பிறகு கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் உயரப் புளூபெர்ரிச் செடிகள். சாலையோரக் கடையில் ஐந்து டாலருக்கு ஒரு டப்பா வாங்கினேன். அப்படியொரு பழத்தை நான் சென்னையில் தின்றதில்லை.

பண்ணை வாசலில் இறங்கி ஸ்டெல்லா சுற்றிலும் பார்த்தாள்.

“ஃபேக்டரி எங்கங்க?”

“இதுதான். இத்தாலியன்ல ஃபத்தோரியான்னா பண்ணை.”

“அடுத்தவங்க தோட்டத்தைப் பார்த்துக்கப் போறீங்களா? எங்க அப்பா பட்டது போதாதா? நான் ஓகே சொல்ல மாட்டேன்.”

அவள் அப்பா முப்பது வருடம் ஒரு வாழைத் தோட்டத்துக்குக் காரியஸ்தர். அவர் பாடுபட்ட தோட்டத்தை ஊரார் கடைசிவரை முதலாளி பெயரால்தான் சொன்னார்கள். அந்த ஆத்திரம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

உரிமையாளர் லூக்கா காபி கொடுத்தார். சங்கடம் தாங்காமல், ஃபத்தோரியா என்ற பெயர் எப்படி வந்தது என்று கேட்டுவைத்தேன். மனிதர் உற்சாகமாகிவிட்டார். லத்தீனில் ‘செய்பவர்’ என்ற சொல்லிலிருந்து ஃபத்தோரே. முதலாளிக்காகப் பண்ணையை நடத்துபவர். அவர் நடத்தும் இடம் ஃபத்தோரியா. ஃபேக்டரியும் அதே வயிற்றுப் பிள்ளைதானாம். காரியம் செய்பவர், அதாவது நம் ஊர்க் காரியஸ்தர் என்று நினைத்துக்கொண்டேன்.

“அப்ப ஓனரை வெச்சு வந்த பேரு இல்லையா?” என்று ஸ்டெல்லா ஆங்கிலத்தில் கேட்டாள்.

இல்லை, வேலை செய்கிறவரை வைத்துத்தான் என்றார் லூக்கா.

ஸ்டெல்லா செடிகளுக்கு நடுவே கொஞ்ச தூரம் நடந்துவிட்டு வந்தாள். திரும்பும்போது காரில் ஏறியதும் ஆத்தூருக்குப் போன் போட்டாள்.

“அப்பா, இவங்களுக்கு வேலை கிடைச்சிருச்சு. உங்க வேலைதாம்ப்பா.”