பழைய நம்பர்

யாராவது மழுப்பினால் அம்மா இரண்டு ஆள்காட்டி விரல்களையும் குறுக்காக வைத்துக் காட்டுவார். அப்பா தெருமுனையில் அரட்டையில் நின்றபடி, போனில் "அஞ்சே நிமிஷம்" என்பார். அரை மணி கழித்துக் கேட்டாலும் அதே அஞ்சு நிமிஷம். அம்மா போனுக்கே விரலைக் காட்டுவார். "பழைய நம்பர்! மனுஷன் இன்னும் கிளம்பவே இல்ல."

அது அம்மா வேலை பார்க்கும் பட்டறையின் பழக்கம். விமானியின் முன்னால் இருக்கும் திரைகளை அங்கே பழுதுபார்க்கிறார்கள். கடைசிச் சோதனை அம்மாவுடையது. நான் அதே இடத்தில் மென்பொருள் பக்கம். திரை ஓடும்போதே அம்மா தகவல் வரும் வயரைப் பிடுங்குவார். உயரம் காட்டிய எண் மறைந்து, அங்கே சிவப்புப் பெருக்கல் குறி விழ வேண்டும். கடைசி எண்ணிலேயே உறைந்து நின்றால் தேறாது. "தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லணும். பழசையே காட்டிக்கிட்டிருந்தா மலையில கொண்டுபோய் முட்டிடும்." குறி விழுந்ததும் திரையின் ஓரத்தைத் தட்டிக்கொடுப்பார். "சமத்து."

மழைக்காலத்தில் அப்பா இறந்தார். விசாரித்தவர்களிடமெல்லாம் நான் "நல்லா இருக்கேன்" என்றேன். ஒவ்வொரு முறையும் அம்மாவின் விரல்கள் குறுக்கே வந்தன.

அம்மா வேலைக்குத் திரும்பிய அன்று மேற்பார்வையாளர் கேட்டார். "முடியுமாக்கா?"

அம்மா விரல்களைக் குறுக்காகத் தன் முகத்துக்கு முன்னால் பிடித்தார். "கண்ணு நிறைஞ்சு நிறைஞ்சு வருதுப்பா. எண்ணெல்லாம் கலங்குது. பார்த்துட்டேன்னு எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

திரைகளைத் துடைத்து உறையிடும் மேசைக்குப் போய்விட்டார். மாதக் கடைசிவரைதான் அவர் இடத்தை வைத்திருக்க முடியும் என்றார் மேற்பார்வையாளர், என் முகத்தைப் பார்க்காமல். "நீயாவது சொல்லிப் பாரேன்மா." நான் சொல்லவில்லை. கலங்கிய கண்ணுக்கு என்ன சொல்வது?

ஒரு மாலை எனக்கு வேலை முடியவில்லை. வீட்டிலிருந்து அம்மா கூப்பிட்டார். "அஞ்சே நிமிஷம்" என்றேன். அரை மணி கழித்து மறுபடி கூப்பிட்டார். "அஞ்சே நிமிஷம்மா."

மறுமுனையில் சிரிப்பு வெடித்தது. "அடிப்பாவி! அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கே!"

மறுநாள் காலை நான் போனபோது அம்மா தன் பழைய நாற்காலியில் இருந்தார்.

"கண்ணு எப்படிக்கா?" என்றார் மேற்பார்வையாளர்.

"இன்னிக்குத் தெளிவா இருக்கு. நாளைய கதைய நாளைக்குக் கேளு."

வயரைப் பிடுங்கினார். குறி விழுந்தது. தட்டிக்கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீ எப்படிடி இருக்கே?"

வாய்வரை வந்த பதிலை விழுங்கிவிட்டு, இரண்டு விரல்களையும் குறுக்காகத் தூக்கினேன்.

அம்மா எட்டி, என் தோளின் ஓரத்தைத் தட்டிக்கொடுத்தார்.