கடிதத்தில் விடுபட்ட ‘சா’

எங்கள் சாரணர் குழுவின் கமிட்டி மாதத்தில் இரண்டாவது ஞாயிறு காலை பத்து மணிக்குக் கூடும். ஸ்ரீவராகம் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடம் எங்களுக்கு ஒரு வகுப்பறையை இரவல் தருகிறது. ஏழு பேர். எல்லோருக்கும் வேறு உத்தியோகம் உண்டு, இதற்குச் சம்பளம் கிடையாது. சம்பளம் இல்லாத வேலையில் மனிதர்கள் எவ்வளவு மூர்க்கமாகச் சண்டை போடுவார்கள் என்பதை அந்த அறையில்தான் கற்றுக்கொண்டேன். ஒருமுறை ஸ்கார்ஃபை எத்தனை மடிப்பு மடிப்பது என்ற விஷயத்தில் இரண்டு பேர் மூன்று மாதம் பேசாமல் இருந்தார்கள். அதில் ஒருத்தி நான்.

பெண்கள் பிரிவுக்கு நான் கேப்டன். கமிட்டிக்குச் செயலாளரும் நான்தான். ஒரு நாள்கூடப் பாடம் நடத்தாத என்னை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த ஊரில் கொஞ்சம் உரக்கப் பேசும் பெண்களுக்கு அந்தப் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். கூட்டம் முழுக்க மலையாளத்தில் நடக்கும். அதை நான் இங்கே தமிழில் எழுதும்போது அவர்களுடைய கோபம் கொஞ்சம் குறைந்துதான் தெரியும்.

அந்த ஞாயிறு பேச வேண்டியிருந்தது ஒரு பெண்ணைப் பற்றி. பதினேழு வயது, எங்களுக்கு அடுத்த தெரு, என் பிரிவில் அணித்தலைவி. மாதக் கடைசியில் வித்துராவில் மாநிலத் தேர்வு முகாம். அதற்காகவே ஐந்து வருஷமாக முடிச்சுப் போட்டும் கூடாரம் அடித்தும் கட்டுப் போட்டும் பழகியவள். எங்கள் குழுவிலிருந்து ஒருவர்தான் போகலாம். அடுத்த வருஷம் அவளுக்கு வயது தாண்டிவிடும். போனால் இந்த வருஷம், இல்லையென்றால் இல்லை.

இதில் வில்லங்கம் வந்தது ஒரே ஒரு வார்த்தையால். மூன்று விரலை உயர்த்தி நாங்கள் உறுதிமொழி சொல்வோம். தெய்வத்துக்கும் நாட்டுக்கும் என் கடமையைச் செய்வேன் என்று அது தொடங்கும். முந்தின மாத அணிவகுப்பில் ‘தெய்வம்’ வந்த இடத்தில் அவள் வாயை மூடிக்கொண்டாள். மற்றதையெல்லாம் கணீரென்று சொன்னாள். மழலைப் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் பேக்கரிக்காரம்மா அதைக் கவனித்துத் தலைவரிடம் சொல்லிவிட்டார்.

நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். அணிவகுப்பு மைதானத்தில் நான் கேப்டன், மற்ற இடத்தில் மாமி.

“நேக்கு இப்போ பெருமாளோட பேச்சில்லை, மாமி” என்றாள். “பேச்சில்லாதவர்கிட்டப் போய்க் கடமையைச் செய்வேன்னு சத்தியம் பண்ணினா அது பொய்யாயிடாதோ?”

விருப்பப்பட்டால் அந்த இடத்தில் ‘தர்மம்’ என்று சொல்லிக்கொள்ள எங்கள் விதியில் இடம் உண்டு. அதைச் சொன்னேன். “தர்மம்னாலும் அவர்தானே” என்று தலையை ஆட்டிவிட்டாள்.

அவளுடைய அப்பா போய் அப்போது ஒரு வருஷம் ஆகவில்லை. இது எனக்குத் தெரியும், துஷ்டி கேட்கப் போனவள்தான் நான். ஆனாலும் அவள் சொன்னது என் காதில் வேறு மாதிரி விழுந்தது. ஏனென்றால் இருபத்திரண்டு வருஷமாக அந்த வார்த்தை வரும்போது நான் உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருக்கிறேன். எனக்குச் சின்ன வயதிலேயே அந்த நம்பிக்கை போய்விட்டது. அக்ரஹாரத்தில் குடியிருந்துகொண்டு அதை வெளியே சொல்லும் தைரியம் மட்டும் இன்றுவரை வரவில்லை. ஒரு பதினேழு வயசுப் பெண் நிமிர்ந்து நின்று வாயை மூடிவிட்டாள். என் ஆள் ஒருத்தி வந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஏன் பேச்சில்லை, எத்தனை நாளைக்கு என்று கேட்கத் தோன்றவே இல்லை.

கூட்டம் தொடங்கியபோது அவள் வெளியே முற்றத்தில் சின்னப் பெண்களுக்கு முடிச்சு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். “அழுத்தாதே, சுத்தி எடு” என்ற குரல் ஜன்னல் வழியாகக் கேட்டபடி இருந்தது. உள்ளே புழுக்கம். மின்விசிறி ஓடியது, காற்றுதான் வரவில்லை.

தலைவர் ஓய்வுபெற்ற மலையாள ஆசிரியர். வார்த்தை சுத்தமாக இருக்க வேண்டும் அவருக்கு. என் கூட்டக் குறிப்பில் மாதம் நான்கு பிழையாவது சிவப்பு மையில் திருத்துவார். அதனாலேயே எனக்கு அவரைக் கண்டால் ஆகாது.

பேக்கரிக்காரம்மாதான் முதலில் பேசினார். “எந்தத் தெய்வம் என்று நான் கேட்கவில்லை. என் பிள்ளைகளில் மூன்று மதமும் உண்டு. மூன்று பேரும் சேர்ந்து ஒரே மூச்சில் சொல்வது அந்த ஒரு வார்த்தையைத்தான். மூத்தவள் வாயை மூடினால், நாளைக்குச் சின்னது என்னிடம் ஏன் என்று கேட்கும். நான் என்ன பதில் சொல்ல?”

விழிஞ்ஞம் துறைமுகத்தில் எஞ்சினியராக இருக்கும் இளைஞர் அவர் முடிப்பதற்குள் எழுந்துவிட்டார். “நம் முதல் விதியே நம்பிக்கைக்கு உரியவராக இரு என்பதுதான். பொய் சொல்ல மாட்டேன் என்று நின்றவளைத் தண்டித்தால் அந்த விதியைச் சுவரிலிருந்து கழற்றிவிடலாம்.”

“நம்பிக்கைக்கு உரியவள் என்றால் கொடுத்த வாக்கைக் காப்பாற்றணும் மோனே” என்றார் தலைவர். “ஐந்து வருஷம் முன்னால் என் முன்னால் நின்று கொடுத்த வாக்கு.”

சூடு ஏறியது. ஒருவர் மேஜையைத் தட்டினார். உட்காருங்கள், உட்காருங்கள் என்று சொன்னவரே எழுந்து நின்றார். அப்போது தலைவர் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கிவிட்டு, யாரும் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார். “லிஸ்ட் அனுப்ப இன்னும் பதினைந்து நாள் இருக்கிறது. அவசரப்பட்டு ஒரு குட்டியின் தலையில் கல்லைப் போட வேண்டாம். வீட்டிலிருந்து எழுத்து வந்திருக்கிறதல்லவா, டீச்சர் அதைப் படிக்கட்டும்.”

கடிதம் அவளுடைய அம்மா எழுதியது. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தவள். மலையாளம் பேசப் பழகியது காய்கறிக் கடையில், எழுதப் பழகியது மகளுடைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தில். தமிழில் எழுதினால் கமிட்டிக்கு மரியாதையாக இருக்காது என்று கஷ்டப்பட்டு மலையாளத்தில் எழுதியிருந்தாள். உருண்டை உருண்டையான எழுத்து. மொத்தமே மூன்று வரி. மூன்றாவது வரி இது: ‘இதாலோசிக்கான் என்டெ மகள்க்கு அவகாசம் தரணம்.’

அந்த வரியைக் கண்ணால் பார்த்ததுமே அவள் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. இதை யோசிக்க என் மகளுக்கு அவகாசம் தாருங்கள். கொஞ்சம் நாள் வேண்டும், அவ்வளவுதான். ஆனால் மலையாளத்தில் நாள் கேட்க வேண்டுமென்றால் ‘சாவகாசம்’ என்று எழுத வேண்டும். முன்னால் அந்த ‘சா’ இல்லாவிட்டால் அது வேறு வார்த்தை. மலையாளிக்கு ‘அவகாசம்’ என்றால் உரிமை. இதைப் பற்றி யோசிக்க என் மகளுக்கு உரிமை தரவேண்டும் என்று ஒரு தாய் கமிட்டிக்கு உத்தரவு போட்டதாக அந்த வரி நின்றது. அந்த அறையில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி.

அதில் எழுதியிருந்தபடியே நான் படித்தேன்.

“அவகாசமோ?” என்றார் தலைவர். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். “உரிமை கேட்டா எழுதியிருக்கிறார்கள்? நாம் என்ன நீதிமன்றமா?”

இப்போதாவது சொல்லியிருக்கலாம். ‘ஸாரே, அது தமிழ் அவகாசம், நாள் கேட்கிறாள் பாவம்’ என்று ஒரு வாக்கியம். எல்லோரும் சிரித்திருப்பார்கள், அதோடு முடிந்திருக்கும். நான் சொல்லவில்லை. எனக்கு ஞாபகம் தப்பிவிட்டது என்று எழுதத்தான் ஆசை, ஆனால் தப்பவில்லை. உரிமை என்ற வார்த்தை அந்த மேஜையில் விழுந்ததும் எனக்குள் ஒரு சந்தோஷம் வந்தது. இருபத்திரண்டு வருஷமாக எனக்காகக் கேட்கத் துணியாததை இன்னொருத்தி பேரில் கேட்டுவிடலாம் என்ற சந்தோஷம்.

எழுந்து பேசினேன். நன்றாகவே பேசினேன், அதுதான் கேவலம். நம்பிக்கை என்பது சீருடையில் தைத்துத் தரும் பொத்தான் அல்ல என்றேன். நம்மில் எத்தனை பேர் மனதறிந்து அந்த வார்த்தையைச் சொல்கிறோம் என்று ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக் கேட்டேன். என்னைத் திருப்பிக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. எஞ்சினியர் மேஜையைத் தட்டி ஆமோதித்தார். பேக்கரிக்காரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. “அப்படியென்றால் நாங்கள் எல்லாம் நடிக்கிறோம் என்றா டீச்சர் சொல்கிறீர்கள்?” என்றார்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. கொள்கை, தலைமை, கட்டுப்பாடு, மதம், குழுவின் மானம் என்று எதையெதையோ பேசினோம். “அப்போ இது உரிமைப் பிரச்சினை. உரிமைப் பிரச்சினையை ஒத்திப்போடக் கூடாது. இன்றைக்கே முடிவு” என்றார் தலைவர். கை தூக்கச் சொன்னார். இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று. தலைவரின் கை அந்தப் பக்கம் உயர்ந்தது. அவள் பெயருக்குப் பதில் அணியின் துணைத்தலைவி பெயரை எழுதி, லிஸ்டை அன்றைக்கே அனுப்புவது என்று தீர்மானம். தீர்மானத்தை எழுதியவளும் நான்தான். முற்றத்தில் “இப்போ இழு” என்ற குரல் கேட்டது.

மறுநாள் சாயங்காலம் ஆபீஸ் விட்டு நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன். தோற்றுவிட்டோம், ஆனால் போராடித் தோற்றோம் என்று சொல்வதாக ஏற்பாடு. வழி நெடுக வாக்கியம் தயாரித்துக்கொண்டு போனேன்.

அவள் அம்மா கேட்டதெல்லாம் ஒன்றுதான். “பத்து நாள் அவகாசம் கூடத் தரமாட்டேன்னுட்டாளா மாமி?”

நான் திண்ணையில் உட்கார்ந்தேன்.

“வர்ற செவ்வாய்க்கிழமை அவ அப்பாவோட வருஷாப்திகமாக்கும். இந்த ஒரு வருஷமா நாங்க கோயில் படி ஏறலை. வருஷம் கழிஞ்சதும் நேர்ல போய், அப்பாவை ஏன் எடுத்துண்டேன்னு கேட்டுட்டுத்தான் பெருமாளோட பேசுவேன்னு வைராக்கியமா இருக்கா. கேட்டுட்டா சரியாயிடுவள். அதுக்குத்தானே நான் நாள் கேட்டேன்.”

உள் நிலைப்படியில் அந்தப் பெண் நின்றிருந்தாள். “அம்மா எழுதினது அவாளுக்குப் புரியலையா மாமி?” என்றாள். அவள் மலையாளப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். கடிதத்தை அம்மா தனக்குக் காட்டாமல் கொடுத்துவிட்டாள் என்று சொல்லி, என்ன எழுதியிருந்தது என்று கேட்டாள். நான் அந்த வரியைச் சொன்னேன். கேட்டதும் அவளுக்கு முழுக்கப் புரிந்துவிட்டது. “நீங்க அங்க இருந்தேளே” என்றாள். குரல் உயரவில்லை. பொய் சொல்லாத பெண்ணிடம் பொய் சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. இருந்தேன், தெரிந்தது, சொல்லவில்லை என்றேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அங்கிருந்து தலைவர் வீட்டுக்கு ஆட்டோ பிடித்தேன். அது தமிழ் அவகாசம் என்று சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “ஒரு ‘சா’ தானே டீச்சர்” என்றார் கடைசியில். “அப்போதே சொல்லியிருந்தால் நான் வோட்டுக்கே விட்டிருக்க மாட்டேனே. நாள் கேட்டால் யார் இல்லை என்று சொல்வார்கள்?”

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவரே போனை எடுத்து மாவட்ட அலுவலகத்தில் கேட்டார். பெயரை மாற்றலாம், ஆனால் லிஸ்டில் ஏற்கனவே இருக்கும் பெண்ணை நீக்கினால்தான் மாற்றலாம். துணைத்தலைவியின் வீட்டில் அதற்குள் பாயசம் வைத்துக் கொடுத்தாகிவிட்டது. அவளிடமிருந்து பிடுங்க எங்கள் இரண்டு பேருக்குமே மனம் வரவில்லை. தலைவர் அடுத்த கூட்டத்தில் என் குறிப்பைத் திருத்தவில்லை. சிவப்பு மை இல்லாத அந்தத் தாளைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

முகாமுக்குப் பஸ் கிளம்பிய காலையில் அவள் சீருடையோடு வந்தாள். துணைத்தலைவியின் மூட்டையை அவிழ்த்து, கயிற்றை வேறு மாதிரி சுற்றி, மறுபடி கட்டிக் கொடுத்தாள். வித்துராவில் ராத்திரி குளிரும் என்று தன் ஸ்வெட்டரையும் திணித்தாள். கொடி ஏறியதும் எல்லோரும் மூன்று விரலை உயர்த்தினோம். ‘தெய்வம்’ என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி வந்தது. பேக்கரிக்காரம்மா திரும்பிப் பார்த்துச் சிரித்தார். அவள் பார்த்தது என்னை. என் உதடு வழக்கம்போல் அசைந்துகொண்டிருந்தது, அதில் சத்தம் இல்லை என்பதை அன்றைக்கு அவள் கண்டுகொண்டாள் என்று நினைக்கிறேன்.

பெருமாளோடு அவளுக்குப் பேச்சு வந்துவிட்டது. என்னோடுதான் இல்லை. தெருவில் பார்த்தால் நிமிர்ந்து நின்று சல்யூட் வைக்கிறாள், எங்கள் வழக்கப்படி இடது கையால் கை குலுக்குகிறாள், ஒரு வார்த்தை பேசுவதில்லை. பெருமாளுக்கு ஒரு வருஷம் ஆயிற்று. எனக்கு எவ்வளவு ஆகும் என்று அவளிடம் கேட்க எனக்கு அவகாசம் இல்லை. இந்த ஒரு வார்த்தையை மட்டும் மலையாளத்தில் படித்துக்கொள்ளுங்கள்.