கம்பிச் சில்லும் ஒரு பொட்டுக் குங்குமமும்

வண்டிச் சில்லுக்குக் கம்பி பின்னுகிற தொழிலில் பிழையை ஒளிக்க இடமில்லை. நீங்கள் விட்ட பிழையைச் சில்லே சுற்றிச் சுற்றி ஊருக்குக் காட்டிக்கொடுக்கும். சுவிஸில் மூன்று மாதப் பரீட்சார்த்த வேலை பார்த்து, முதலாளியின் முகத்தைப் பார்த்துப் பார்த்தே மெலிந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது நன்றாக விளங்கும்.

வாய் தேடிக்கொடுத்த வேலை

2012 வசந்தம். எம்மன்புரூக்கேயில் ஒரு மோட்டார் சைக்கிள் கராஜில் நான் சேர்ந்து இரண்டு மாதம் முடிந்திருந்தது. அதற்கு முன் பதினொரு வருடம் உணவகத்தில் கோப்பை கழுவினேன். மூன்றாம் மாத முடிவில் ஷெஃப் என்று நாங்கள் கூப்பிடும் முதலாளி திருப்திப்பட்டால் நிரந்தர வேலை, இல்லாவிட்டால் திரும்பவும் கோப்பைதான்.

அப்போதுதான் திருமதி அம்ராய்ன் வந்தார். தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய வண்டி 1974ஆம் ஆண்டினது. அதன் கம்பிச் சில்லுகளை அவர் கணவர் கழற்றி வீசிவிட்டு, வார்ப்பு அலுமினியச் சில்லுகளைப் போட்டிருந்தாராம். கணவர் காலமாகி ஒரு வருடமாகிறது, இனி என் விருப்பப்படி கம்பிச் சில்லு போடுங்கள், கோடையில் மலைப்பாதை திறந்ததும் இதில் ஏறப்போகிறேன் என்றார். சில்லு மாற்றினால் வண்டி அரச பரிசோதனையிலும் தேறவேண்டும். கம்பி பின்னத் தெரிந்தவர் யார் என்று ஷெஃப் கேட்க, என் கை தானாகவே உயர்ந்தது. சண்டைக் காலத்தில் பெற்றோல் இல்லாத யாழ்ப்பாணத்தில் எத்தனை சில்லுக்கு நெளிவெடுத்தவன் நான்! அது என்ன சில்லு என்று ஷெஃப் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னேன். மனைவி ஒன்றுதான் கேட்டாள்.

"சைக்கிள் சில்லு எண்டு அவையளுக்குச் சொன்னனீங்களோ, இல்லாட்டி அதை விழுங்கிப்போட்டு வந்து நிக்கிறியளோ?"

காற்றுக்கு வழியில்லை

முன் சில்லை இரண்டு நாள் பின்னினேன். கம்பி முனைகள் ரியூப்பைக் குத்தாமலிருக்க ரிம்மின் உள்ளே ரப்பர் நாடாவைச் சுற்றி, ரியூப்பும் ரயரும் போட்டு, காற்றடிக்க உருட்டிக்கொண்டு போனேன். பார்த்தால், இரண்டு கம்பிகள் குறுக்கே போகிற இடத்துக்கு நேர் கீழே வால்வு மாட்டுப்பட்டு நிற்கிறது. ஊரில் சைக்கிள் பம்பின் மெல்லிய குழாய் எந்தச் சந்துக்குள்ளும் நுழைந்துவிடும். அதனால் வால்வு எங்கே வருகிறது என்று நான் ஒருநாளும் கவலைப்பட்டதில்லை. இங்கே காற்றுக் குழாயின் தலை என் கட்டைவிரலைப்போல் இரண்டு மடங்கு.

இருந்தாலும் மானம் போகக்கூடாதே என்று கால் மணிநேரம் திணித்துப் பார்த்தேன். பக்கத்து மேசையில் ரேட்டோ வேலை செய்வான். புத்தகத்தில் அளவு பார்க்காமல் ஒரு திருகாணியைக்கூட முறுக்காதவன். அவன் தன் வேலையை நிறுத்திவிட்டுப் பொறுமையாகப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அழகான சில்லு. சுவரில் மாட்டுவதற்கா?"

சுருதி பார்த்தவர்

எல்லாவற்றையும் கழற்றினேன். ரப்பர் நாடாவைத் தொலைக்காமலிருக்க மேலங்கிப் பையில் வைத்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து பின்னினேன். நெளிவு பார்க்க ரேட்டோ முள் வைத்த அளவுகருவியைக் கொண்டுவந்தான். வேண்டாம், எனக்குக் காது போதும் என்றேன். இறுக்கம் சமமாக இருந்தால் தட்டும்போது எல்லாக் கம்பியும் ஒரே சத்தம் தரும். ஒவ்வொன்றாகத் தட்டி, தலையை ஆட்டி, கச்சேரிக்கு வந்தவன்போல் ரசித்தேன்.

அந்த நேரம் திருமதி அம்ராய்ன் வண்டியைப் பார்க்க வந்தார். அவர் தேவாலயத்துப் பாடகர் குழுவில் பாடுபவர் என்று எனக்கு யார் சொன்னது? கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, இந்தக் கம்பி சுருதி இறங்கி நிற்கிறது என்று ஒன்றைத் தொட்டுக் காட்டினார். பிறகு இன்னும் மூன்றைக் காட்டினார். ரேட்டோவின் முள்ளும் அதே இடங்களில்தான் ஆடியது. போகும்போது அவர் மிக மரியாதையாகக் கேட்டார்.

"பின் சில்லுக்கும் நான் வரவேண்டுமா?"

பொட்டு

பரிசோதனைக்கு முந்தின நாள் இரண்டு சில்லும் வண்டியில் ஏறிவிட்டன. எனக்குத்தான் பயம் தெளியவில்லை. கோயிலில் தந்த குங்குமம் பேர்சில் இருந்தது. தூளாக வைத்தால் உதிர்ந்துவிடும் என்று ஒரு துளி கிரீஸில் குழைத்து, யாரும் பார்க்காத நேரம் முன் ரயரின் பக்கவாட்டில் ஒரு பொட்டு வைத்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

திரும்பி வந்தால் முன் சில்லு ரேட்டோவின் மேசையில் கிடக்கிறது, ரயர் வேறு, ரிம் வேறாக. புது ரயரில் பாரம் குறைந்த இடத்துக்குத் தொழிற்சாலையில் நிறப்புள்ளி வைப்பார்கள், அது வால்வுக்கு நேரே வரவேண்டும். என் பொட்டை அந்தப் புள்ளி என்று நினைத்து, வால்வுக்கு நேரெதிரே இருக்கிறதே என்று கொதித்து அவன் கழற்றியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் ரிம்மைத் திருப்பிக் காட்டியதும் சிரிப்பு நின்றுவிட்டது. உள்ளே ரப்பர் நாடா இல்லை. என் கை மேலங்கிப் பைக்குள் போனது. நாடா அங்கேயே மடித்தபடி இருந்தது. மலை இறக்கத்தில் அந்த மனுசியின் முன் ரியூப் வெடித்திருந்தால் என்று நினைக்கப் பயமாக இருந்தது. அதைவிட வெட்கமாக இருந்தது.

"வெளியே புள்ளியைப் பார்க்கவில்லை, உள்ளே நாடாவைப் போடவில்லை. நீ எதைத்தான் பார்த்தாய்?"

தேறியது யார்

நாடாவைப் போட்டு, பொட்டை வால்வுக்கு நேரே கொண்டுவந்து ரேட்டோவே சில்லைத் திரும்பப் பூட்டினான். வண்டி தேறியது. பரிசோதகர் டோர்ச் அடித்துச் சில்லைச் சுழற்றிப் பார்த்து, புள்ளியும் வால்வும் சரியாக நேரே நிற்கின்றன என்று என்னைப் பாராட்டினார். ரேட்டோ ஷெஃபிடம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அவனைத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். சொல்லாததால், நானே போய்ச் சொல்லவேண்டி வந்தது. சைக்கிள், நாடா, குங்குமம், ஒன்றும் விடவில்லை. மனதுக்குள் கோப்பைகளுக்கு வணக்கம் சொல்லிவிட்டேன்.

ஷெஃப் கையைத் துடைத்துக்கொண்டு போய் அந்தப் பொட்டைக் குனிந்து பார்த்தார். மேசை லாச்சியிலிருந்து வேலை ஒப்பந்தத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினார்.

"இனி எல்லா ரயருக்கும் பொட்டு வை. ரேட்டோ ஒருமுறை கழற்றிப் பார்க்கட்டும்."

அந்த வண்டியில் நான் முதல் தடவையிலேயே சரியாகச் செய்த வேலை அந்தப் பொட்டு ஒன்றுதான், அதையும் வால்வுக்கு எதிர்ப்பக்கத்தில் வைத்திருந்தேன்.