படிவத்தில் இருந்த இரண்டு கேள்விகள்

கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். குழி விழுந்தது. விரலை எடுத்த பிறகும் அது மேடாகவில்லை. ஆன்லைன் வகுப்புக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. பதினோராம் வகுப்புக்கு அன்று வேதிப் பிணைப்பு நடத்த வேண்டும். இன்னொரு காலையும் அழுத்திப் பார்த்தேன். அதிலும் குழி.

ஐந்து வருடங்களுக்கு முன் என் சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டபோதும் இப்படித்தான் காலில் ஆரம்பித்தது. இப்போது எனக்குள் வேலை செய்துகொண்டிருப்பது என் கணவர் செல்வராஜின் சிறுநீரகம். அடிவயிற்றின் வலப்பக்கம் வைத்துத் தைத்திருக்கிறார்கள். அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. எங்கள் திருமணத்தில் சரிசமமாகப் பிரித்துக்கொண்டது அது ஒன்றைத்தான் என்று நான் அவரைக் கேலி செய்வதுண்டு.

அன்று கேலி வரவில்லை. கால் ஏன் வீங்குகிறது என்று எனக்குத் தெரிந்திருந்தது. அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்பதுதான் பயத்தைவிடப் பெரிதாக இருந்தது.

என்னைப் போல மாற்று உறுப்போடு இருப்பவர்களும், புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொண்டிருப்பவர்களும், அவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களும் இதை வாசிக்கக்கூடும். மற்றவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இன்னொருவரின் உறுப்பை நம் உடம்பு அந்நியமாகவே பார்க்கும். அதைத் தாக்கி அழிக்கப் பார்க்கும். அதைத் தடுக்க, உடம்பின் எதிர்ப்புச் சக்தியையே மாத்திரை போட்டுக் குறைத்து வைக்கிறார்கள். முக்கியமான மாத்திரையின் பெயர் டாக்ரோலிமஸ் (உடம்பின் காவலை மட்டுப்படுத்தி, மாற்றுறுப்பைத் தாக்கவிடாமல் செய்வது). காலை எட்டு மணிக்கு இரண்டு, இரவு எட்டு மணிக்கு இரண்டு. ஆயுள் முழுக்க.

ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு எங்களுடையது. கீழே நாங்கள், மேலே வீட்டுச் சொந்தக்காரர்கள். கொரோனா வந்ததும் செல்வராஜ் வாசல் அறைக்குக் குடிபெயர்ந்தார். அவருக்குத் தொட்டியத்தில் வாழைத்தார் கமிஷன் மண்டி. பழம் ஊரடங்குக்காகப் பழுக்காமல் இருக்காது, அதனால் அவர் போய்த்தான் ஆக வேண்டும். திரும்பி வந்ததும் கொல்லைப்பக்கம் போய்ச் சட்டையைச் சோப்புத் தண்ணீரில் முக்கிவிட்டு, குளித்துவிட்டுத்தான் உள்ளே வருவார். தட்டு, டம்ளர் தனி. நான் சமையலறையிலிருந்து பேசுவேன், அவர் வாசல் அறையிலிருந்து கத்துவார். தெருவுக்கே எங்கள் குடும்ப விஷயம் தெரிந்தது.

ஸ்ரீரங்கத்தில் வீடு இருந்தால் வைகுண்ட ஏகாதசிக்கு உறவெல்லாம் வந்து இறங்குவார்கள். எங்கள் கூடத்தில் பாய் விரிக்காத இடம் இருக்காது. அந்த வருடம் கூட்டம் குறைவு என்றாலும், சின்ன நாத்தனார் பையோடு வாசலில் வந்து நின்றுவிட்டாள். முகக்கவசத்தோடு ஜன்னலுக்கு உள்ளே நின்று, "வராதே, போயிடு" என்றேன். அவள் அழுதுகொண்டே போனாள். இன்றுவரை சரியாகப் பேசுவதில்லை. அந்தக் காலத்தில் நான் உறவுகளை இப்படித்தான் பராமரித்தேன்.

மேல்வீட்டு மாமி தினமும் கபசுரக் குடிநீர் காய்ச்சுவார். ஊரே குடித்தது. தெருமுனையில் அண்டாவில் வைத்து ஊற்றினார்கள். மாமி எனக்கும் ஒரு டம்ளர் மூடிவைத்து, படிக்கட்டில் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பார்.

"சுமதி, கசக்கறதுன்னு கீழே கொட்டிடாதேம்மா. எதிர்ப்பு சக்தி நன்னா ஏறும். உனக்குத்தான் முக்கியமா வேணும்."

"சரி மாமி" என்று சொல்லிவிட்டுத் தொட்டியில் கொட்டிவிடுவேன். டாக்டரிடம் கேட்காமல் எந்தக் கஷாயமும் கூடாது என்பது எங்களுக்கு முதல் பாடம். ஆனால் மாமியின் சொல்லைக் கொட்ட முடியவில்லை. ஊரே எதிர்ப்புச் சக்தியை ஏற்றிக்கொண்டிருக்க, நான் மட்டும் நாளுக்கு நான்கு மாத்திரை போட்டு அதை இறக்கிக்கொண்டிருக்கிறேனே என்ற எண்ணம் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. தடுப்பூசி போட்டிருந்தேன். என்னைப் போன்றவர்களுக்கு அது முழுதாகப் பிடிக்காமல் போகலாம் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

இரண்டாம் அலை வந்தது. ஆம்புலன்ஸ் சத்தம் எங்கள் தெருவுக்கு வாடிக்கையானது. என்னோடு ஒரே வாரத்தில் மாற்று அறுவை செய்துகொண்ட ஜீயபுரத்துக்காரர் ஒருவர், மாதா மாதம் மருத்துவமனையில் பார்த்துப் பேசுகிறவர், கொரோனாவில் இறந்துபோனார் என்று போன் வந்தது. அதே வாரம் செல்வராஜ் தொட்டியத்திலிருந்து கூப்பிட்டார்.

"லாரி கிடைக்கல சுமதி. தாரெல்லாம் மண்டியிலேயே நிக்குது. ரெண்டு வாரம் இங்கேயே தங்கி முடிச்சுட்டு வந்துடறேன்."

"இந்த நேரத்துலயா? பழம் முக்கியமா, நான் முக்கியமா?"

"கோவிச்சுக்காதே. உனக்கும் அது நல்லதுதானே, நான் வராம இருக்கறது" என்றார். அவர் குரல் கம்மியிருந்தது. மண்டியில் ஏலம் கத்தி அவருக்கு எப்போதும் தொண்டை அப்படித்தான் என்பதால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

வீட்டில் தனியாக இருந்தேன். மறுநாள் இரவு எட்டு மணிக்கு இரண்டு மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன். ஒன்றை விழுங்கினேன். இன்னொன்றைத் திரும்பப் பெட்டியில் போட்டேன். நான்கு நாள் கழித்து இரவு மாத்திரை இரண்டையுமே விட்டேன். இருபது வருடம் வேதியியல் நடத்திய ஆசிரியை போட்ட கணக்கு இது. காவல் கொஞ்சம் கூடினால் கொரோனாவை விரட்டிவிடும், சிறுநீரகத்துக்குக் காலை மாத்திரை போதும். இந்த விடையை என் மாணவி எழுதியிருந்தால் சிவப்பு மையில் அடித்திருப்பேன்.

டாக்டருக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று தெரியும், அதனால்தான் செய்யவில்லை.

பதினாறு நாள் கழித்து செல்வராஜ் வந்தார். கன்னம் ஒட்டி, பேன்ட்டு இடுப்பில் நிற்காமல், பாதி உடம்பாக வந்தார். மண்டி வேலை பிழிந்துவிட்டது என்றார். நம்பினேன். அவர் வெளியிலிருந்து வந்திருக்கிறார் என்ற பயத்தில் இரவு மாத்திரையை விடுவதைத் தொடர்ந்தேன். அடுத்த இரண்டாவது வாரம்தான் கணுக்காலில் அந்தக் குழி விழுந்தது.

ஆய்வகத்துக்குச் சொன்னேன், வீட்டுக்கு வந்து இரத்தம் எடுத்துப் போனார்கள். கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்றாமல் இரத்தத்தில் தேங்கும் கழிவின் அளவு) எப்போதும் எனக்கு 1.2 இருக்கும். இப்போது 2.6. டாக்டர் அம்மா போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார். "உடனே வாங்க."

காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது இரண்டு முகக்கவசத்துக்குள் மூச்சு முட்டியது. கார்க் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொள்ளவும் பயமாக இருந்தது. மருத்துவமனையில் ஒரு பக்கம் காய்ச்சல்காரர்கள், ஒரு பக்கம் மற்றவர்கள் என்று கயிறு கட்டிப் பிரித்திருந்தார்கள். காற்றுக்குக் கயிறு தெரியுமா என்று நினைத்தேன். நீண்ட நடைவழியின் முடிவில் ஒரு மேசை. கவச உடைக்குள் ஒரு செவிலியர், என்னையும் கூட வந்த செல்வராஜையும் ஆறடி தள்ளி உட்காரவைத்து, படிவத்தை நிரப்பினார்.

"மாத்திரையெல்லாம் ஒழுங்கா போடறீங்களா? ஏதாச்சும் விட்டுப்போச்சா?"

என் பக்கத்தில் செல்வராஜ், "அதெல்லாம் இவ மணி அடிச்ச மாதிரி போட்டுடுவா சிஸ்டர்" என்றார். பெருமையாகச் சொன்னார்.

ஆமாம் என்று தலையாட்டியிருந்தால் படிவத்தில் ஒரு டிக்கோடு முடிந்திருக்கும். ஆனால் அந்தப் படிவத்தைப் பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள்.

"ஒரு மாசமா நைட்டு மாத்திரையை விட்டுட்டேன் சிஸ்டர்" என்றேன். "கொரோனா வந்துடுமோன்னு பயந்து."

அவர் எழுதிக்கொண்டார். செல்வராஜ் பக்கம் திரும்பவே எனக்குத் துணிவில்லை. அவர் வயிற்றைக் கிழித்துக் கொடுத்ததை நான் ஒரு மாதமாக மெல்ல மெல்லக் கொன்றிருக்கிறேன். செவிலியர் அடுத்த கேள்விக்குப் போனார்.

"ரெண்டு மாசத்துக்குள்ள உங்களுக்கோ, கூட இருக்கறவங்களுக்கோ கொரோனா வந்துச்சா?"

"இல்லை" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் செல்வராஜ் குறுக்கிட்டார்.

"எனக்கு வந்துச்சு சிஸ்டர். போன மாசம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துப் பேசினார்.

"தொட்டியத்துல மண்டி குடோன்லயே பதினாலு நாள் படுத்துட்டேன். லோடுமேன் கஞ்சி வெச்சு வாசல்ல வெச்சுட்டுப் போவார். நெகட்டிவ் வந்தப்புறம்தான் வீட்டுக்கு வந்தேன். இவளுக்குத் தெரியாது."

ஒற்றைச் சிறுநீரகத்தோடு, வாழைத்தாருக்கு நடுவில், காய்ச்சலோடு இந்த மனிதர் கிடந்திருக்கிறார். நான் பழம் முக்கியமா என்று கேட்டுப் போனை வைத்திருக்கிறேன். எங்கள் பக்கத்துக் குடும்பங்களில் நோயாளியிடம் கெட்ட செய்தியைச் சொல்லமாட்டோம். அதை அன்பு என்று நினைக்கிறோம். அவர் சொல்லியிருந்தால் நான் டாக்டருக்குப் போன் செய்திருப்பேன், மாத்திரையில் கை வைத்திருக்கமாட்டேன். இதைச் சொல்லி அவர்மீது பழிபோடவில்லை. மாத்திரையை விட்டது என் கைதான்.

பயாப்ஸி செய்தார்கள் (ஊசி செலுத்தி, சிறுநீரகத்திலிருந்து நூல் போன்ற ஒரு துணுக்கை எடுத்துச் சோதிப்பது). உடம்பு சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கிவிட்டது என்று உறுதியானது. டாக்டர் அம்மா கட்டிலுக்குத் தள்ளி நின்று சொன்னார்.

"மூணு நாள் ஸ்டீராய்டு ஊசி பெரிய அளவுல போடணும். உங்க எதிர்ப்பு சக்தி இப்ப இருக்கறதைவிட இன்னும் கீழே போகும். இந்த நேரத்துல அது ஆபத்துதான், மறைக்கல. போடலைன்னா கிட்னி போயிடும்."

"திட்டமாட்டீங்களா டாக்டர்?"

"திட்டினா பயந்துக்கிட்டு அடுத்த தடவையும் சொல்லாம இருப்பீங்க. உங்களை மாதிரி இன்னும் சில பேர் இதே மாதிரி விட்டுட்டு வந்தாங்க. எல்லாரும் பயத்துலதான். இனிமே மாத்திரையில கை வைக்கறதுக்கு முன்னாடி, எத்தனை மணியானாலும் சரி, எனக்கு ஒரு போன்."

எதற்குப் பயந்து மாத்திரையை விட்டேனோ, அதைவிடக் கீழே இறங்கி, கொரோனா நோயாளிகள் இருக்கும் அதே கட்டிடத்தில் படுத்திருந்தேன். அந்த மூன்று நாளைப் போல நான் எப்போதும் பயந்ததில்லை. தட்டு கொண்டுவருகிறவர் தும்மினால் நெஞ்சு நின்றுவிடும். மூக்கு அரித்தால் கையைத் தொடையின் கீழ் வைத்து அழுத்திக்கொள்வேன். மூச்சைக் குறைவாக விட்டால் குறைவாகத்தான் உள்ளே வரும் என்று நம்பி மூச்சை அடக்கிப் படுத்திருந்தேன். செல்வராஜ் கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். இரண்டு நாள் நாங்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவர்தான் ஆரம்பித்தார்.

"கோவம் இல்லை. சொல்லியிருக்கலாம்."

"நீங்களும்தான்."

"சொன்னா நீ பயந்துடுவேன்னு..."

"சொல்லாததால பயம் இல்லாம இருந்தேனா?"



சிறுநீரகம் தப்பியது, ஆனால் முழுதாகத் தப்பவில்லை. கிரியாட்டினின் இறங்கி 1.7-ல் நின்றுவிட்டது. பாதிக்கப்பட்ட பகுதி திரும்பாது என்று டாக்டர் சொன்னார். என்னால் கெட்டது அது. அவர் தந்ததில் ஒரு பங்கை நான் தொலைத்துவிட்டேன். இந்த வாக்கியத்தோடு நான் தினமும் எழுந்திருக்கிறேன்.

இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பயத்தை நான் போகச் சொல்லமாட்டேன், எனக்கே அது போகவில்லை. ஆனால் பயத்தை மாத்திரைப் பெட்டிக்குள் விடாதீர்கள். அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள்.

ஊர் எல்லாவற்றையும் மறந்துவிட்டது. பஸ்ஸில் முகக்கவசம் போட்டிருக்கும் ஒரே ஆள் நான்தான். எல்லோருக்கும் முடிந்துபோன காலம் எனக்கு இன்னும் முடியவில்லை. மற்றவர்கள் அடுத்த தீபாவளியைப் பற்றிப் பேசுவார்கள். நான் அடுத்த இரத்தப் பரிசோதனை வரைக்கும்தான் யோசிக்கிறேன். உடம்பை என்னுடையது என்று சொல்ல நாக்கு தயங்குகிறது. இரண்டு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்ளும் ஒன்றாகத்தான் அதை நினைக்கிறேன்.

போன வாரம் செல்வராஜ் மண்டியிலிருந்து வந்து கேட்டுக்கு வெளியிலேயே நின்றார். வண்டியை உள்ளே எடுக்கவில்லை.

"சுமதி, நான் உள்ள வரல. மத்தியானத்துலேர்ந்து தொண்டை கரகரங்குது. உடம்பும் லேசா சுடுது. மாமிகிட்ட கேட்டு மொட்டை மாடி ரூம்ல படுத்துக்கறேன்."

என் கை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டது.

"பயமா இருக்கா?" என்றார்.

"இருக்கு" என்றேன். "உங்களுக்கு?"

"எனக்கும் இருக்கு."

முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டேன். தட்டில் சோறு போட்டு, ரசம் ஊற்றி, வாசற்படியில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். அவர் வந்து எடுத்துக்கொண்டார்.