கடைசிப் பக்கத்தில் மூன்று பெயர்கள்

ஓர் அறிக்கையின் கடைசிப் பக்கத்திலிருந்து என் பெயரை நானே நீக்கினேன். அந்தப் பக்கத்தில் மிச்சமிருந்த மூன்று பெயர்களும் என்னிடம் பயிற்சிக்கு வந்த பிள்ளைகளுடையவை. இன்று நீதிமன்றத்தில் நிற்பவர்கள் அவர்கள். நான் வீட்டில் இருக்கிறேன்.

படிக்கிற உங்களுக்கு என்மேல் வெறுப்பு வரலாம். வரட்டும். எனக்கு வருவது பயம் மட்டும்தான்... இவ்வளவு எழுதுவதற்குள் வாசலில் பைக் சத்தம் கேட்டு இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்த்துவிட்டேன்.

ராமநாதபுரத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். ஓய்வுபெற்ற பிறகு, மனித உரிமை வேலைக்கு வர விரும்பும் பட்டதாரிகளுக்கு ஒரு சிறிய அமைப்பில் பயிற்சி கொடுத்தேன். மனு எழுதுவது, சாட்சியைக் காப்பது, அதிகாரிகளிடம் பேசுவது... எல்லாவற்றுக்குமாக ஒன்பது விதிகள் வைத்திருந்தேன். முதல் விதி: பார்த்ததை எழுது, எழுதியதன் கீழே உன் பெயரைப் போடு.

சிரிக்காதீர்கள்!

வாலிநோக்கம் பக்கம் ஓர் உப்பளத்தில் தொழிலாளி ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்துபோனார். உண்மை அறியும் குழுவாகப் போனோம்: நான், தங்கச்சிமடத்து ஜெனிட்டா, இன்னும் இரண்டு பையன்கள். ஆக நான்கு பேர். பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். எப்படிக் குறிப்பெடுப்பது என்று காட்டுவதற்காக அன்று நான் எழுதினேன். இறந்தவரின் மனைவி பாத்தி வரப்பில் உட்கார்ந்தபடி சொன்னார்:

“மோட்டாரு வயரு அந்து கெடக்குன்னு மூணு நாளாச் சொன்னோம்யா. மொதலாளி காதுல வாங்கலையே... எழுதிக்கிட்டீகளா? நல்லா எழுதுங்க.”

என் நோட்டில் எழுதினேன். நான்கு பக்கங்கள். ஒவ்வொன்றின் கீழும் அவர் கைநாட்டு வைத்தார்.

அறிக்கை அச்சுக்குப் போகவிருந்த அன்று காலை ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். யார், எங்கிருந்து என்று சொல்லவில்லை. தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார்.

“வீட்ல நீங்களும் அம்மாவும் மட்டுந்தானா சார்? அம்மா சாயங்காலம் கோயிலுக்குத் தனியாத்தான் போவாகளோ?”

அம்மா என்று அவர் சொன்னது என் மனைவியை. இப்படி ஏழு கேள்விகள். ஏழுக்கும் பணிவாகப் பதில் சொன்னேன். மிரட்டலாக ஒரு சொல்கூட அவர் சொல்லவில்லை. அதுதான் என்னைக் குலைத்துப் போட்டது.

அவர் போனதும் அச்சகத்துக்கு ஓடினேன். நான்காவது பெயரை எடுக்கச் சொன்னேன். அந்த மூன்றையும் சேர்த்து எடுக்கச் சொல்லியிருக்கலாம். அறிக்கையையே நிறுத்தியிருக்கலாம். இப்படி ஒருவர் வந்துபோனார் என்று பிள்ளைகளிடமாவது சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? சொன்னால் நான் பயந்தது தெரிந்துவிடுமே!

அறிக்கை வெளியான அன்று ஜெனிட்டா போனில் சிரித்தாள்.

“என்ன சார், மூணு பேருதான் இருக்கோம்! கணக்கு வாத்தியாரு பேரையே எண்ணாம விட்டுட்டானா அந்தப் பிரிண்டுக்காரன்? போயி நல்லா நாலு கேள்வி கேளுங்க சார்.”

“ஆமாம்மா. அவன் தப்புதான்” என்றேன்.

உப்பள முதலாளி அவதூறு வழக்குப் போட்டார். மூன்று சம்மன்கள் வந்தன. சென்னையில் ஜெனிட்டாவுக்கு உறுதியாகியிருந்த வேலை, வழக்கு முடியட்டும் என்று நின்றுபோனது. இறந்தவரின் மனைவியோ ஊரை விட்டே போய்விட்டார். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அவருடைய கைநாட்டு உள்ள நோட்டு கிடைத்தால் பிள்ளைகள் தப்பித்துவிடுவார்கள் என்று அவர்களின் வக்கீல் சொன்னார். ஜெனிட்டா வந்து கேட்டாள்.

கரையான் அரித்துவிட்டது என்றேன்.

அரிக்கவில்லை. அது என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. அதிலுள்ள கையெழுத்து என்னுடையது. கொடுத்தால் நானும் அங்கே இருந்தேன் என்றாகிவிடும். கொடுத்துவிடலாம் என்று மூன்று முறை எடுத்தேன். எரித்துவிடலாம் என்று பதினொரு முறை எடுத்தேன்... இந்த இரண்டு எண்களையும் நீங்களே வைத்துப் பாருங்கள், நான் எப்படிப்பட்டவன் என்று தெரியும்.

நேற்று ஜெனிட்டா மறுபடி வந்தாள். இன்னும் ஒன்பது நாளில் அவளை விசாரிக்கிறார்கள். கூண்டில் எப்படி நிற்பது, எப்படிப் பதில் சொல்வது என்று என்னிடம் பழகிப்பார்க்க வந்திருந்தாள். என்னிடம்! நான் எதிர்த்தரப்பு வக்கீலாக உட்கார்ந்து கேட்டேன்.

“உங்களோட யார் யார் போனது?”

“நாங்க மூணு பேரு.”

நான் நிமிர்ந்து பார்த்தேன். அவள் முகத்தில் கோபம் இல்லை.

“பிரிண்டுக்காரரப் போன மாசம் பாத்தேன் சார். எல்லாஞ் சொன்னாரு. அத விடுங்க. நாங்க மூணு பேரும் பேசிட்டோம், உங்க பேர இழுக்க மாட்டோம். வீட்ல அம்மாவ வச்சுக்கிட்டு இந்த வயசுல நீங்க எங்கிட்டுப் போயி அலைவீங்க?”

நோட்டைப் பற்றி அவள் எதுவும் கேட்கவில்லை. கரையான் கதையை மட்டும் இன்னும் நம்புகிறாளா? அல்லது அதுவும் தெரிந்துதான்...

சத்தியம் செய்துவிட்டுப் பொய் சொல்லாதே என்று அந்த நொடியில் நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்காக நீ பொய் சொல்லி மாட்டிக்கொள்ளாதே என்றாவது சொல்லியிருக்க வேண்டும். என் நெஞ்சில் முதலில் என்ன வந்தது, தெரியுமா? வெட்கம் இல்லை. நிம்மதி!

“வாரேன் சார்” என்று எழுந்தாள்.

“பாத்துப் போம்மா” என்றேன்.

அவள் வாசலில் செருப்பை மாட்டி முடிப்பதற்குள் கதவைச் சாத்தித் தாழிட்டேன். அந்தச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.